கெர்னலுக்குள் விழும் காலடித் தடங்கள்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா மாணவர்களே? வெள்ளிக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஆகவே உங்களில் பலர் வீட்டில் இருந்திருப்பீர்கள். நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில், உலகின் பல மூலைகளில் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோயின. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். ஊழியர்கள் பயணப் பதிவைக் கையால் செய்தார்கள். பாதிக்கப்பட்ட கணினிகள் சுமார் 8.5 மில்லியன் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

எந்த ஹேக்கரும் தாக்கவில்லை. வைரஸும் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அனுப்பிய ஒரு சிறிய கோப்புதான் காரணம். அந்தக் கோப்பில் இருந்த விதி 21 மதிப்புகளைச் சரிபார்க்கச் சொன்னது. ஆனால் மென்பொருளின் கையில் இருந்தவை 20 மட்டுமே. 21ஆவதைத் தேடிப் போன மென்பொருள், நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைப் படிக்க முயன்றது. கணினி அங்கேயே விழுந்தது.

"அனுப்பும் முன் சோதித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். சோதித்தார்கள். ஆனால் சோதனைக்குப் பயன்பட்ட விதிகளில், 21ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற குறி இருந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்றால் அங்கே எட்டிப் பார்க்கவே தேவையில்லை அல்லவா? அதனால் எல்லாச் சோதனையும் வெற்றி.

சோதனை அந்த மூலைக்குப் போகவில்லை. போகவில்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை. முதலாவதைவிட இந்த இரண்டாவதுதான் ஆபத்து என்பேன். ஒரு சோதனை மென்பொருளுக்குள் எங்கெல்லாம் போனது, எங்கே போகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் கணினியின் மிக ஆழமான பகுதிக்குள்?

கணினியின் குடிநுழைவு மண்டபம்

அந்த ஆழமான பகுதியின் பெயர் கெர்னல். இயங்குதளத்தின் உட்கரு அது. வட்டில் எழுதுவது, நினைவகத்தைப் பங்கிடுவது, வைஃபை வழியாகத் தரவு அனுப்புவது எல்லாம் கெர்னலின் வேலை. நீங்கள் திறக்கும் விளையாட்டோ, பிரவுசரோ நேரடியாக வட்டைத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். சிங்கப்பூருக்குப் போகும் பலரும் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தின் வழியாகத்தான் போகிறார்கள். முகப்பில் கடப்பிதழைக் கொடுக்கிறீர்கள், சரிபார்க்கிறார்கள், பிறகே உள்ளே. மென்பொருள்களும் அப்படித்தான். கெர்னலின் முகப்பில் ஒரு கோரிக்கையை நீட்டுகின்றன. இதற்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். லினக்ஸ் கெர்னலில் இப்படி 300க்கும் மேற்பட்ட முகப்புகள் இருக்கின்றன.

ஏன் லினக்ஸைச் சொல்கிறேன்? உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். கூலாய், செடெனாக், நூசாஜெயா வட்டாரங்களில் எழும்பி நிற்கும் தரவு மையங்களைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய மையங்களின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுபவை. சாதாரணச் செயலியில் பிழை வந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் பிழை வந்தாலோ கணினி முழுவதும் படுத்துவிடும். அல்லது, அதைவிட மோசமாக, தீய எண்ணம் கொண்ட ஒருவர் அந்தப் பிழை வழியாக முழுக் கணினியையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இடி மழை கற்றுக்கொடுத்த பாடம்

1988ஆம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடி மழை பெய்த ஓர் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்திருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல். அவர் தட்டச்சு செய்த கட்டளைகளுக்கு நடுவே குப்பை எழுத்துகள் புகுந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் அந்தக் குப்பையைச் சாப்பிட்டுவிட்டுச் செயலிழந்தன.

வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்திருப்பார். மில்லரோ இதையே தம் மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்துவிட்டார்: குப்பை எழுத்துகளை வேண்டுமென்றே உருவாக்கி, மென்பொருள்களுக்கு ஊட்டிப் பாருங்கள். 1990இல் வெளியான அவர்களது ஆய்வில், சோதித்த யூனிக்ஸ் மென்பொருள்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை நொறுங்கின அல்லது உறைந்துபோயின. இந்த முறைக்கு 'ஃபஸ்ஸிங்' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் கண்மூடித்தனமான குப்பைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மென்பொருள், ஜொகூர் என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக வந்தால் மட்டும் ஓர் ஆபத்தான பகுதிக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. 26 எழுத்துகள், ஐந்து இடங்கள். மொத்தம் 11,881,376 வாய்ப்புகள். நொடிக்கு ஒன்றாக எல்லாவற்றையும் முயன்றால் 137 நாளுக்கு மேல் ஆகும்.

இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுவோம். முதல் எழுத்து சரியானால் ஒரு மணி ஒலிக்கும். இரண்டாவது சரியானால் இன்னொரு மணி. அப்படியானால் ஒவ்வோர் இடத்துக்கும் அதிகபட்சம் 26 முயற்சி. மொத்தம் 130. இரண்டு நிமிடம் பத்து வினாடியில் வேலை முடிந்தது! நம்ப முடியவில்லை என்றால் இடைவேளையில் நண்பருடன் தாளில் விளையாடிப் பாருங்கள். மூன்றெழுத்துச் சொல் போதும். முதல் ஆட்டத்தில் 'சரி, தவறு' மட்டும் சொல்லுங்கள். இரண்டாவதில் எத்தனை எழுத்து சரியென்று சொல்லுங்கள்.

அந்த மணியோசைதான் 'கோட் கவரேஜ்', அதாவது நிரலின் எந்தெந்தப் பகுதிகள் ஓடின என்ற தடப்பதிவு. ஒரு குப்பை உள்ளீடு புதிய பகுதி ஒன்றைத் தொட்டால் அதைத் தூக்கி எறியாமல் சேர்த்துவைக்கிறோம். அதையே சற்று மாற்றி மறுபடி ஊட்டுகிறோம். போலந்தைச் சேர்ந்த மிகாவ் ஸலெவ்ஸ்கி உருவாக்கிய ஏஎஃப்எல் என்ற கருவி இதைப் பிரபலமாக்கியது. 2014இல் அவர் செய்த சோதனை ஒன்று வேடிக்கையானது. படக் கோப்புகளைப் படிக்கும் மென்பொருளுக்கு, 'ஹலோ' என்ற சொல் மட்டும் இருந்த ஒரு கோப்பை ஊட்டினார். அந்தக் கருவி தடங்களை மட்டுமே பார்த்து மாற்றி மாற்றி, கடைசியில் உண்மையான ஜேபெக் படங்களையே உருவாக்கிவிட்டது. ஜேபெக் என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

யாருடைய காலடி?

சாதாரண மென்பொருளில் தடம் பதிப்பது எளிது. அது தொடங்கும், ஓடும், முடியும். கெர்னல் அப்படியில்லை. அது முடிவதே கிடையாது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குள் நடக்கிறார்கள். சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் காலை ஆறு மணிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்திருக்கும் ஆயிரம் காலடிகளில் உங்களுடையது எது?

இதற்கு விடையாக, கூகுளில் பணியாற்றிய டிமித்ரி வியுகோவ் உருவாக்கிய 'கேகோவ்' என்ற வசதி 2016இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அதன் யோசனை இதுதான்: தரையைப் பார்க்காதே, பயணியின் கையில் ஓர் அட்டையைக் கொடு.

எப்படி? நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், கெர்னலை உருவாக்கும்போதே ஒரு சிறு வேலையைக் கூடுதலாகச் செய்கிறது. கிளை பிரியாமல் நேராக ஓடும் ஒவ்வொரு நிரல் துண்டிலும் ஒரு சின்ன அழைப்பைச் செருகிவிடுகிறது. ஒவ்வொரு கதவிலும் ஒரு முத்திரைக் கட்டையைக் கட்டித் தொங்கவிடுவதுபோல. யாராவது கதவைத் தாண்டும்போது அந்த அழைப்பு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: 'உன்னிடம் அட்டை இருக்கிறதா?' இல்லையென்றால் சும்மா விட்டுவிடும். இருந்தால், அந்தக் கதவின் முகவரியை அட்டையில் குத்தும்.

அட்டை என்பது சோதனை மென்பொருளும் கெர்னலும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஒரு நினைவகப் பகுதி. அதன் முதல் கட்டத்தில் எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது என்ற எண் இருக்கும். அடுத்தடுத்த கட்டங்களில் முகவரிகள். சோதனை செய்பவர் முதல் கட்டத்தைப் பூஜ்யமாக்கி, ஒரு சிஸ்டம் காலை அனுப்பி, திரும்பி வந்ததும் அட்டையைப் படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீங்கள் முகப்பில் நிற்கும்போது திடீரென்று தொலைபேசி ஒலித்து, அதிகாரி எழுந்துபோய்ப் பேசிவிட்டு வருகிறார். அந்த நடை உங்கள் கடப்பிதழால் ஏற்பட்டதல்ல. கெர்னலிலும் விசைப்பலகை, வலையட்டை போன்றவை நடுநடுவே குறுக்கிடும். இந்தக் குறுக்கீடுகளின்போது கேகோவ் பதிவை நிறுத்திக்கொள்கிறது. இல்லையென்றால் ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு தடம் கிடைக்கும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கச் சொல்கிறார்களே, அதே விஷயம்தான்.

அந்த ஜொகூர் கணக்குக்கு மறுபடி வருவோம். ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல், ஒரே அடியில் ஒப்பிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால்? இடையில் மணியே ஒலிக்காது. 130 மறுபடியும் 11,881,376 ஆகிவிடும். பின்னாளில் கேகோவில் இதற்கும் வழி செய்தார்கள். எந்த இரண்டு மதிப்புகள் ஒப்பிடப்பட்டன என்பதையும் அட்டையில் எழுதிக்கொள்ளும். கெர்னல் எதை எதிர்பார்த்தது என்று எட்டிப் பார்த்து, அதையே அடுத்த முறை கொடுத்துவிடலாம். தேர்வில் இப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே அனுமதி உண்டு.

இத்தனை கதவிலும் முத்திரை குத்தினால் கெர்னலின் வேகம் குறையும். ஆகவே இதெல்லாம் சோதனைக்கென்று தனியாகச் செய்த கெர்னல்களில் மட்டும்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

தடம் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? இதற்கான ஒரு முக்கியமான பதில் நமக்கு மிக அருகிலிருந்து வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்செல் போமே, வான் துவான் பாம், அபிக் ராய்சௌத்ரி ஆகிய மூவரும் ஏஎஃப்எல் கருவியை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான முயற்சிகள் ஒரே சில பாதைகளிலேயே திரும்பத் திரும்ப ஓடுவதைக் கவனித்தார்கள். எல்லாரும் நடக்கும் வழியில் இன்னும் ஆயிரம் முறை நடந்து என்ன பயன்? அரிதாகத் தொடப்படும் பாதைகளுக்கு அதிக நேரம் ஒதுக்கும்படி கருவியை மாற்றினார்கள். 2016இல் வெளியான அந்த 'ஏஎஃப்எல்ஃபாஸ்ட்', மூலக் கருவியைவிட விரைவாகப் பிழைகளைக் கண்டுபிடித்தது.

லினக்ஸ் கெர்னலுக்கு இந்த வேலையைச் செய்யும் கருவியின் பெயர் சிஸ்காலர். அதுவும் வியுகோவ் தொடங்கியதே. எந்த முகப்பில் என்ன வகைக் கோரிக்கை கொடுக்கவேண்டும் என்ற விவரங்கள் அதற்கு முன்கூட்டியே தரப்படுகின்றன. வெறும் குப்பையைக் கொடுத்தால் முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடப்பிதழ் போலத் தோன்றும் ஒன்றாவது வேண்டுமே! சிஸ்காலர் கோரிக்கைகளைக் கோத்து, மெய்நிகர் கணினிகளில் ஓட்டி, கேகோவ் அட்டையைப் படித்து, புதிய கதவைத் திறந்தவற்றைச் சேமித்துக்கொண்டே போகும். மெய்நிகர் கணினி விழுந்தால் கவலையில்லை. வேறொன்றைத் தொடங்கிவிட்டு, எந்தக் கோரிக்கை அதை வீழ்த்தியது என்று ஆராயும். 2017 முதல் சிஸ்பாட் என்ற தானியங்கி இதை இரவு பகலாகச் செய்து, கண்ட பிழைகளை மின்னஞ்சலில் கெர்னல் நிரலாளர்களுக்கு அனுப்பிவருகிறது. இதுவரை ஆயிரக்கணக்கான பிழைகள்.

அப்படியானால் எல்லாக் கதவிலும் முத்திரை விழுந்துவிட்டால் கெர்னலில் பிழையே இல்லை என்று சொல்லலாமா? முடியாது. முத்திரை, கதவைத் தாண்டியதைத்தான் சொல்லும். தாண்டியபோது கையில் என்ன இருந்தது என்று சொல்லாது. ஒரே கதவு 20 மதிப்புடன் வந்தவருக்கு வழிவிட்டு, 21 கேட்டவரை வீழ்த்தலாம். நினைவகத்தில் எல்லை மீறிப் படித்தாலும் கெர்னல் சில நேரம் விழாமல் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் 'இது உன் இடமா?' என்று கேட்கும் 'கேசான்' என்ற காவலையும் சோதனைக் கெர்னலுக்குள் வைக்கிறார்கள்.

ஜூலை 19 சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக் வெளியிட்ட அறிக்கையில், இனிமேல் செய்யப்போகும் சோதனைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஃபஸ்ஸிங்கும் இருந்தது.