ஆகுமானதும் நலமானதும்: புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பதில் இஸ்லாமிய உணவு ஒழுங்கு

கனடாவில் வாழ்வோரில் ஏறத்தாழ ஐவருக்கு இருவர் தம் வாழ்நாளில் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடும் எனக் கனடியப் புற்றுநோய்ச் சங்கம் மதிப்பிடுகிறது. பத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கு தவிர்க்கப்படக்கூடியவை என்றும் அதே சங்கம் கூறுகிறது. புகையிலை, மது, உடற்பருமன், உணவுமுறை, உடலுழைப்பின்மை, சில நோய்த்தொற்றுகள் ஆகியனவே அந்த நான்கிற்கும் பின்னுள்ள முதன்மையான காரணங்கள். எஞ்சிய ஆறும் வயது, மரபணு, தற்செயல் போன்ற நம் கைக்கு எட்டாத காரணங்களால் வருபவை. ஆதலால், நோயுற்றவரைப் பார்த்து "என்ன உண்டீர்கள், என்ன செய்தீர்கள்" என்று வினவுவது முறையன்று. இக்கட்டுரை நம் கைக்கு எட்டும் பகுதியைப் பற்றியது.

இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மொன்றியலில் வந்து குடியேறிய தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களுக்கு உணவு என்பது சமய ஒழுங்கோடு பிணைந்தது. எது ஆகும், எது ஆகாது என்ற கேள்வி சமையலறையிலும் கடைவீதியிலும் நாள்தோறும் எழுகிறது. இந்த ஒழுங்கு உடல்நலத்துக்குப் பெரிதும் துணைபுரிகிறது. எனினும் அது எந்த இடத்தில் காக்கிறது, எந்த இடத்தில் நாமே கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டியுள்ளது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். பிற சமயத்தைச் சேர்ந்த தமிழர்களுக்கும் இங்குக் கூறப்படுவனவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

மது விலக்கை முதலில் குறிப்பிடலாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களை 1988 ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வகைப்படுத்தியது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் ஏற்படும் புற்றுநோய்களோடு மதுவுக்குத் தொடர்பு உண்டு. ஒயின், பியர் என்ற வேறுபாடு இதில் இல்லை. மதுவை முற்றாக விலக்கிய குடும்பம் இந்த ஒரு வாயிலை முழுமையாக மூடிவிட்டது எனலாம். இங்கு வளரும் பிள்ளைகளுக்கு இவ்விலக்கின் சமயக் காரணத்தோடு இந்த மருத்துவக் காரணத்தையும் எடுத்துரைப்பது பயன் தரும்.

இறைச்சியைப் பொறுத்தவரை நிலைமை இத்தனை எளிதானதன்று. ஹலால் முத்திரை, விலங்கு இன்னது, அது அறுக்கப்பட்ட முறை இன்னது, விலக்கப்பட்ட பொருள் கலக்கவில்லை என்பனவற்றுக்குச் சான்று கூறுகிறது. அந்த இறைச்சி பின்னர் எவ்வாறு பதப்படுத்தப்பட்டது, அதில் உப்பும் நைட்ரைட்டும் எவ்வளவு சேர்க்கப்பட்டன என்பனவற்றைப் பற்றி அது பேசுவதில்லை. 2015 ஆம் ஆண்டில் மேற்கூறிய ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகையில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்கிறது என்பது அதன் கணிப்பு. இதனால் அது புகையிலையைப் போன்று அதே அளவு கொடியது என்று பொருளாகாது. இரண்டுக்கும் சான்று உறுதியாக உள்ளது என்பதே பொருள். ஆனால் ஹலால் சொசேஜ், ஹலால் பெப்பரோனி, பிள்ளைகளின் பாடசாலைச் சாண்ட்விச்சில் வைக்கும் ஹலால் வான்கோழித் துண்டு ஆகிய அனைத்தும் இவ்வகையில் அடங்கும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோத் தெ நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் உள்ள கடைகளில் இவை இப்பொழுது எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர்களில் இல்லாத உணவு இது.

திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது, ஆகுமானது என்ற சொல்லோடு "தய்யிப்" என்ற மற்றொரு சொல்லையும் இணைத்தே கூறுகிறது. நல்லது, தூயது, உடலுக்கு ஏற்றது என்பன அதன் பொருள்கள். கடையில் நாம் தேடும் முத்திரை முதற்சொல்லுக்கு மட்டும் உரியது. இரண்டாவது சொல்லுக்கு முத்திரை இல்லை. அதனை நாமே பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். பாடசாலைப் பெட்டிக்கு முந்தைய நாள் கறியில் எடுத்து வைத்த கோழி, அவித்த முட்டை, கடலை, மீன் ஆகியன போதும்.

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற செவ்விறைச்சியை முற்றாக விலக்கத் தேவையில்லை. சமைத்த நிலையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராம் வரையோடு நிறுத்திக்கொள்ளுமாறு உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் அறிவுறுத்துகிறது. ஒரு விருந்துப் பிரியாணியிலேயே இதன் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க. விருந்து வாரத்தில் மற்ற நாள்களில் பருப்பும் மீனும் சமைத்தால் கணக்கு ஒத்துப்போகும். கோடையில் பூங்காக்களில் கரியடுப்பில் சுடும்போது இறைச்சி கருகாமல் பார்த்துக்கொள்வதும், கருகிய பகுதியை நீக்கிவிடுவதும் நன்று. 2019 ஆம் ஆண்டின் கனடிய உணவு வழிகாட்டி, தட்டின் பாதியைக் காய்கறிகளும் பழங்களும் நிரப்ப வேண்டும் என்கிறது. குளிர்காலத்தில் காய்கறி விலை ஏறுவது உண்மையே. அப்பொழுது உறைநிலைக் காய்கறிகளைத் தயங்காமல் வாங்கலாம். சத்தில் அவை குறைந்தவை அல்ல.

வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. மருத்துவ நோக்கில் இதன் மதிப்புப் பெரிது. மிகு உடற்பருமன் குறைந்தது 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என 2016 ஆம் ஆண்டில் ஆய்வு முகமை அறிவித்தது. ஆயினும் இந்த அறிவுரை பெரும்பாலும் மறக்கப்படுவது நோன்பு மாதத்திலேயே என்பது சற்று வியப்பானது. ரமழான் கோடையில் வரும் ஆண்டுகளில் மொன்றியலில் நோன்பு 17, 18 மணி நேரம் நீளும். பகல் முழுவதும் அடக்கிய பசி, மாலையில் சமோசா, ரோல்ஸ், வட்டிலப்பம், சர்பத் என்று ஒரே மூச்சில் தீர்க்கப்படுகிறது. மாத முடிவில் எடை கூடியவர்களும் உண்டு.

இதற்கு மாற்று நம் மரபிலேயே இருக்கிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி தமிழ் முஸ்லிம்களுக்கே உரிய உணவு. தமிழ்நாட்டில் இதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசே அரிசி வழங்கி வருகிறது. பேரீச்சம்பழத்தோடும் நீரோடும் நோன்பு திறந்து, ஒரு கோப்பைக் கஞ்சி அருந்தித் தொழுதுவிட்டு வந்தால் பொரித்தவற்றின் மீதுள்ள நாட்டம் தானே தணியும். தேங்காய்ப்பாலைக் குறைத்து, வெள்ளை அரிசிக்குப் பதிலாகச் சிவப்பரிசியோ இங்கு எங்கும் கிடைக்கும் பார்லியோ சேர்த்தால் நார்ச்சத்தும் கூடும். முழுத்தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கின்றன.

நோன்பே புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பரவும் செய்திகளை நம்ப வேண்டாம். அதற்குச் சான்று இல்லை. சிகிச்சை பெறுவோர் மருத்துவரிடம் கேட்காமல் நோன்பு நோற்கலாகாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. கருஞ்சீரகம், தேன் முதலியவற்றை உணவாகக் கொள்வதில் தடையில்லை. ஆனால் அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் உயிருக்கு ஆபத்தானது. எண்ணெயாகவோ மாத்திரையாகவோ எடுத்துக்கொள்பவர், மருந்துகளோடு அவை முரண்படக்கூடும் என்பதால், மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

மதுவை விலக்கிய பல இல்லங்களில் புகையிலை மட்டும் தங்கிவிட்டது. சிகரெட்டை ஆகாதது என்று மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. வேறு பல நாடுகளின் அறிஞர்களும் அவ்வாறே கூறியுள்ளனர். இளைஞர் சிலர் ஹூக்காவை விளையாட்டாகக் கருதுகின்றனர். நீரினூடே வந்தாலும் அது புகையே. ஓர் அமர்வு நெடுநேரம் நீடிப்பதால் உள்ளிழுக்கப்படும் புகையும் மிகுதி. ரமழானில் பகல் முழுவதும் புகைக்காமல் இருப்பவர் இரவையும் கடக்க உதவி தேடினால், அம்மாதத்தை முழுமையான விடுபடலுக்குத் தொடக்கமாக்கலாம். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை ஆகியவற்றை மருந்தகத்தில் மருந்தாளரே பரிந்துரைக்கலாம்; பொது மருந்துக் காப்புறுதியிலும் அவற்றுக்கு இடம் உண்டு. 1 866 527-7383 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

வெற்றிலை பாக்கு சமயம் கடந்து தமிழர் அனைவருக்கும் உரிய வழக்கம். திருமணத் தட்டில் அதனை வைப்பது வேறு, நாள்தோறும் மெல்லுவது வேறு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்பது 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு முகமையின் முடிவு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. இங்குள்ள பல் மருத்துவர்களுக்கு இவ்வழக்கம் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே "நான் பாக்கு மெல்லுபவன்" என்று தாமாகவே கூறுதல் நன்று. வாயில் வெண்படலம், மூன்று வாரங்களில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்த வேண்டாம்.

தொழுகையின் அசைவுகள் உடற்பயிற்சிக்கு ஈடாகா. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். பனிக்காலத்தில் நடைபாதை வழுக்குமெனில், அருகிலுள்ள நகராட்சி நீச்சல் குளங்கள், விளையாட்டு மையங்களின் நேரத்தை 311 என்ற எண்ணில் கேட்டறியலாம். பெண்களுக்கெனத் தனி நேரம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

உணவும் பழக்கமும் அபாயத்தைக் குறைக்குமேயன்றி அறவே நீக்கா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புக என்ற நபிமொழி இங்கு நினைக்கத்தக்கது. 50 வயதை எட்டும் பெண்களுக்கு மாகாண அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்திலிருந்து கடிதம் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அக்கடிதமே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டாகவும் பயன்படும், பரிசோதனைக்குக் கட்டணமில்லை. பிரெஞ்சு மொழியில் வருவதால் விளம்பரமென எண்ணி எறிந்துவிடாதீர்கள். மொன்றியல்வாசிகள் பலர் ஜூலை 1 ஆம் நாள் வீடு மாறுவது வழக்கம். மருத்துவக் காப்புறுதி வாரியத்தில் முகவரியை மாற்றாதவரின் கடிதம் பழைய வீட்டுக்கே போய்ச் சேரும். பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டுமெனில் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். வெட்கப்படவேண்டிய கோரிக்கை அன்று. பெருங்குடல் பரிசோதனை 50 முதல் 74 வயது வரையிலான ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. வீட்டிலேயே மலத்தின் சிறு மாதிரியை எடுத்து அளித்தால் போதும். இதனை மருத்துவரிடமோ தாதியிடமோ நீங்களே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பாடசாலையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோய் முதலியவற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. சிறுமியருக்கு 2008 ஆம் ஆண்டிலும் சிறுவருக்கு 2016 ஆம் ஆண்டிலும் இது தொடங்கியது. இத்தடுப்பூசியில் பன்றி ஜெலட்டின் உண்டோ எனப் பெற்றோர் ஐயுறுவது உண்டு. கார்டசில் 9 தடுப்பூசியில் ஜெலட்டின் சேர்க்கப்படுவதில்லை. சம்மதப் படிவம் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். கையொப்பமிடும் முன் வேறு ஐயமிருந்தால் பாடசாலைத் தாதியிடம் கேட்கலாம்.

உடலில் புதிய கட்டி, காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம் முதலியவற்றைக் கண்டால் 811 என்ற எண்ணை அழைத்து எந்நேரமும் தாதி ஒருவருடன் பேசலாம். பிரெஞ்சோ ஆங்கிலமோ பேசத் தயங்குபவர் மொழியறிந்த உறவினரை உடன் வைத்துக்கொண்டு அழைப்பது எளிது. சி.எல்.எஸ்.சி. நிலையத்திலோ மருத்துவமனையிலோ சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே கேளுங்கள்.