தாத்தாவுக்கு ஏன் வரவில்லை?

"எங்கள் தாத்தா எண்பத்தெட்டு வயது வரை பீடி பிடித்தார், டாக்டர். அவருக்கு ஒன்றும் வரவில்லையே?" நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியான பின் நோயாளியின் மகனோ மகளோ எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. சில வேளைகளில் கேள்வி மறுபுறமாக வரும்: "அம்மா ஒருநாளும் புகைத்ததில்லை, அவருக்கு ஏன் வந்தது?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் தனியொருவரை மட்டும் பார்த்து இவற்றுக்கு விடை கூற இயலாது. நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை வேண்டும்.

அத்தகைய அட்டவணையொன்று 1950ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயுடன் இருந்த 649 ஆண்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்தனர். அதே வயதுப் பிரிவினரான, வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களிடமும் அதையே கேட்டனர். புகைக்காதவர்கள் முதல் குழுவில் 2 பேர். இரண்டாம் குழுவில் 27 பேர்.

அப்படியானால் இரண்டாம் குழுவிலும் 622 பேர் புகைத்தவர்களே! அக்காலத்து லண்டனில் புகைத்தும் இந்நோய் வராத தாத்தாக்கள் தெருவுக்குத் தெரு இருந்திருப்பார்கள். அவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்கியிராது.

புகைப்பழக்கமும் நோயும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொள்வோம். புகைக்காதவர் மொத்தம் 29 பேர். இரு குழுக்களும் சம அளவினவாதலால் அவர்கள் குழுவுக்குப் பதினான்கரை பேராகப் பிரிந்திருக்க வேண்டும். (அரை மனிதர் கணக்கில் மட்டுமே உண்டு.) கிடைத்த எண்களோ 2, 27. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எப்போதும் ஐந்து தலை விழுவதில்லை; தற்செயலாகவும் ஏற்றத்தாழ்வு வரும். இது அவ்வகைதானா?

இதனைச் சோதிக்கும் வழியைக் கார்ல் பியர்சன் 1900இல் வகுத்தார். பள்ளி நூல்களில் அது 'கை வர்க்கச் சோதனை' எனப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கு கட்டங்களுக்கும் கூட்ட வேண்டும். தற்செயல் மட்டுமே காரணமாயின், இக்கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறைதான். இங்கே வருவது 22. தற்செயலாக இவ்வளவு வேறுபாடு லட்சத்தில் ஒரு முறைகூட நேராது.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கும் அதே ஆய்வில் விடையுண்டு. புற்றுநோயுற்ற 60 பெண்களில் 19 பேர் புகைக்காதவர்கள். மற்ற 60 பெண்களில் 32 பேர். தொடர்பு இங்கும் தெரிகிறது. ஆயினும் அந்தப் 19 பேரும் நோயுற்றவர்களே. ஆகவே இச்சோதனையைக் காட்டி எந்த நோயாளியையும் 'நீயே தேடிக்கொண்டாய்' என்று கடிந்துகொள்ள இடமில்லை. அது கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. தனியொருவருக்குத் தீர்ப்பு எழுதுவதன்று.

தொடர்பு உண்டு என்பதற்கு மேல், காரணம் இன்னதென்றும் இச்சோதனை சொல்லாது. அதற்காகவே டாலும் ஹில்லும் 1951 முதல் பிரிட்டனின் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். சாலைத் தாரின் மீதே முதலில் ஐயம் கொண்டிருந்த டால், தம் ஆய்வின் எண்களைக் கண்டு தாமே புகைப்பதை நிறுத்திவிட்டார். அந்த மருத்துவர்களின் ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004இல் வெளிவந்தது: 50 வயதில் நிறுத்தியவர்களுக்குச் சராசரியாக 6 ஆண்டு ஆயுள் மீண்டது, 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு 10 ஆண்டு.

அதனால்தான், தாத்தாவைப் பற்றிக் கேட்கும் மகனிடம் அவரும் புகைக்கிறாரா என்று நாங்கள் கேட்கிறோம். பிறகு அவருடைய வயதை.