ரோமன் போர்னோ: நெருக்கடியில் பிறந்த சினிமாப் பள்ளி

1912-இல் தொடங்கப்பட்ட நிக்காட்சு, ஜப்பானின் மிகப் பழைய பெரிய படநிறுவனம். 1960-களில் வீடுதோறும் தொலைக்காட்சி வந்ததும் திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. கடன் நெருக்கியதால் 1971-இல் நிறுவனம் படப்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வயது வந்தோருக்கான படங்களை நம்பி மீண்டும் களமிறங்கியது. ‘ரோமன் போர்னோ’ என்ற பெயரில் 1988 வரை சுமார் 1,100 படங்கள் வெளிவந்தன.

முதல் படத்தின் நாயகி அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் இல்லத்தரசி. போருக்குப் பின் அரசு கட்டிய ஒரே அச்சிலான குடியிருப்புகளில் பெண்களுக்கு நேர்ந்த தனிமையே அதன் கதைக்களம். படம் ஓடவே, அதே தலைப்பில் தொடர்ச்சிகள் வரிசைகட்டின.

நிறுவனம் விதித்த நிபந்தனைகள் சில: நீளம் 70 நிமிடத்தை ஒட்டி, படப்பிடிப்பு ஏறக்குறைய ஒரு வாரம், குறைந்த செலவு, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு படுக்கையறைக் காட்சி. மற்றதெல்லாம் இயக்குநர் விருப்பம். உறவுக் காட்சிகள் நடிப்புதான், உண்மையானவை அல்ல. நிறுவனத்தின் தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும் கலை இயக்குநர்களும் இதிலும் உழைத்ததால், அன்றைய சிறு தயாரிப்பாளர்களின் ‘பிங்க்’ எனப்பட்ட வயது வந்தோர் படங்களைவிட இவற்றின் தரம் உயர்ந்திருந்தது. தட்சுமி குமாஷிரோவின் 1972-ஆம் ஆண்டுப் படம் ஒன்று ‘கினெமா ஜும்போ’ இதழின் ஆண்டின் சிறந்த பத்தில் இடம்பெற்றது. அதில் நடித்த ஹிரோகோ இசயாமா சிறந்த நடிகையானார்.

அதே 1972-இல் இந்த வரிசைப் படங்கள் சிலவற்றின் மீது காவல்துறை ஆபாச வழக்குத் தொடுத்தது. 1980-இல் மேல்முறையீட்டிலும் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையாயினர். கருத்துரிமை விவாதத்தில் அந்த வழக்குக்கு இன்றும் இடமுண்டு.

இந்தப் பட வரிசையின் பெரிய கொடை, அது வளர்த்த ஆட்கள். ‘ரிங்’ பேய்ப்படத்தை 1998-இல் எடுத்த ஹிடியோ நகாதா, இங்கே மசாரு கொனுமாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். ஷின்ஜி சோமாய், யோஷிமிட்சு மொரிதா ஆகியோரும் இந்த வரிசையில் பணியாற்றியவர்களே. ஆனால் கலை என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது: பெண்கள்மீதான பாலியல் வன்முறையைக் கிளர்ச்சியாகக் காட்டிய படங்கள் இதில் ஏராளம்.

1980-களில் வீடியோ கேசட் பரவியதும் திரையரங்கத் தேவை தீர்ந்தது. 2016-இல், 45-ஆம் ஆண்டையொட்டி, நகாதா, சியோன் சோனோ உட்பட ஐந்து இயக்குநர்களை அழைத்து, கிட்டத்தட்ட அதே பழைய நிபந்தனைகளோடு நிக்காட்சு புதிய படங்களை எடுத்தது. அவற்றில் அகிஹிகோ ஷியோதாவின் படம் லொகார்னோ திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது.