எழுத்துவழிச் சொல் தேடல்: தொடையகராதியும் கணினியும்

முன்னுரை

சொல்லைக் கொண்டு பொருளை அறிவது அகராதியின் முதன்மைப் பயன். சில எழுத்துகளை மட்டும் கொண்டு அவை பயின்றுவரும் சொற்களைக் கண்டறிவது அதனின் வேறான தேவையாகும். குறுக்கெழுத்துப் புதிர் விடுவிப்போர், செய்யுள் இயற்றுவோர், சிதைந்த ஏட்டையும் கல்வெட்டையும் படிப்போர் ஆகியோர்க்கு இத்தேவை உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளும் தனித்தனி அலகுகளாதலின் இத்தேடல் கணினிக்கு எளிது. தமிழிலோ, தேடப்படும் ‘எழுத்து’ யாது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை தமிழ் யாப்பு மரபில் முன்னரே அமைந்துள்ளது என்பதையும், கணினித் தேடலுக்கு அது பயன்படுமாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடை நோக்கிய சொற்றொகுப்பு

நிகண்டுகள் பெரும்பாலும் பொருள் அடிப்படையில் சொற்களைத் தொகுத்தன. எனினும், சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை முறையில் அடுக்கியது. 1594இல் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. இவற்றுள் தொடையகராதி, எதுகைக்கு உரிய சொற்களைத் தேடுவோர்க்கென அமைந்தது. அவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி (திருக்காவலூர்) இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது.

ஐரோப்பிய மொழிகளில் இயைபு சொல்லின் இறுதியில் அமைவதால், அங்கு எழுந்த ஒத்த நூல்கள் சொல்லிறுதியை அடிப்படையாகக் கொண்டன. 1570இல் வெளிவந்த பீட்டர் லெவின்சின் ஆங்கில–இலத்தீன் அகராதியும், 1775இல் வெளிவந்த ஜான் வாக்கரின் அகராதியும் இத்தகையன. தமிழ் எதுகை இரண்டாம் எழுத்தைப் பற்றியது. முதலெழுத்துகள் அளவொத்து நிற்றலும் வேண்டும். எனவே தொடையகராதியைப் பயன்படுத்துவோர் எழுத்து, அது நிற்கும் இடம், அதன் அளவு ஆகிய மூன்றையும் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது.

ஒருங்குறியில் எழுத்து

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247 என்பர். ஒருங்குறியோ உயிர்களையும் அகரமேறிய மெய்களையும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடுகளாகக் கொண்டு பிற எழுத்துகளைக் கூட்டி அமைக்கிறது. ‘பாடாலூர்’ நான்கு எழுத்துச் சொல். கணினியில் அது எட்டுக் குறியீடுகளாகப் பதிகிறது. ‘விகடகவி’ முன்பின்னாகப் படிப்பினும் மாறாத சொல். அதன் ஏழு குறியீடுகளைப் பின்னிருந்து அடுக்கினால் இகரக்குறி இடம்பெயர்ந்து சொல் சிதைகிறது. மாலைமாற்று முதலிய சித்திரகவிகளைக் குறியீட்டளவில் ஆராய இயலாமைக்கு இது சான்று.

தேடலிலும் இவ்விடர் தொடர்கிறது. ‘ம’ என்னும் உயிர்மெய்யைத் தேடினால் மரம் மட்டுமன்றி மீன், வானம் ஆகியனவும் கிடைக்கும். இது மிகை. ‘ஊர்’ என்று தேடினால் பாடாலூர், பெரம்பலூர், அரியலூர் ஆகிய மூன்றும் கிடைப்பதில்லை. புணர்ச்சியில் ஊகாரம் லகரத்தோடு கூடி உயிர்க்குறியாகிவிடுகிறது. இது குறை. ஊர்ப்பெயராய்வில் இத்தகைய விடுபாடு, கணக்கெடுப்பின் முடிவையே பிழையாக்கவல்லது.

தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற அனைத்து எழுத்துருக் குறியாக்கமான டேஸ்16, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் அளிக்கிறது. ஒருங்குறி உரையை எழுத்துகளாகப் பகுக்கும் வசதி ஓப்பன்–தமிழ் என்னும் திறமூல நிரல்தொகுப்பிலும் உள்ளது. இவை முதல் இடரான மிகையைத் தீர்ப்பன. குறையைத் தீர்க்க, உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்தறியும் மற்றொரு நிலையும் வேண்டும்.

யாப்பு காட்டும் தேடல் நிலைகள்

எதுகையின் வகைகள் இந்நிலைகளை வரையறுத்துத் தருகின்றன. பாடல்–கூடல் என்பவற்றில் இரண்டாம் எழுத்து முழுமையாக ஒத்துள்ளது. பாடல்–கூடி என்பவற்றில் டகர வருக்கம் ஒத்து உயிர் வேறுபடுகிறது. இது வருக்க எதுகை. கடை–வினை என்பவற்றில் ஏறிய உயிர் ஒக்கிறது; இது உயிரெதுகை. பகை–கடி என்பவற்றில் வல்லினம் என்னும் இனம் ஒக்கிறது, இது இனவெதுகை. முழு எழுத்து, மெய், உயிர், இனம் என்னும் இந்நான்கையும் தேடுபொறியில் தனித்தனித் தெரிவுகளாக அமைத்தல் இயலும். உயிர் நிலையில் தேடும்போது மேற்கூறிய மூன்று ஊர்களும் ‘ஊர்’ என்னும் தேடலுள் அடங்கும்.

மூலபாடத்தில் பயன்

பழைய ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாமல் நிற்கும். எனவே எரி–ஏரி, கொடு–கோடு ஆகிய இணைகளை ஒன்றாகக் கருதித் தேடும் தெரிவும் வேண்டும். வாலிகண்டபுரம், கீழப்பழுவூர், கங்கைகொண்டசோழபுரம் எனக் கல்வெட்டுகள் நிறைந்தது இவ்வட்டாரம். ஒரு கல்வெட்டில் முதலெழுத்துச் சிதைந்து ‘ரி’ மட்டும் எஞ்சுவதாகக் கொள்வோம். அது ஏரியாகவும் இருக்கலாம், வரியாகவும் இருக்கலாம். முன்னது நீர்நிலையையும் பின்னது இறையையும் குறிப்பதால் சாசனத்தின் பொருளே மாறிவிடும். எழுத்துவழித் தேடல் இயலும் சொற்களை எல்லாம் முன்வைக்கும்; அவற்றுள் ஒன்றைத் தேர்வது இடம் நோக்கும் பதிப்பாசிரியரின் பொறுப்பு. ஆயின், தேடல் ஒரு சொல்லை விடுமாயின் அது அவர் பார்வைக்கே வாராது போகும்.

முடிவுரை

ஆங்கிலச் சொல் தேடல் முறையை அவ்வாறே தமிழுக்குப் பொருத்தினால் மிகையும் குறையும் நேர்கின்றன. எழுத்தொப்புமையைப் பல நிலைகளாகப் பகுத்துக் கண்ட யாப்பிலக்கணம் அவ்விரண்டையும் நீக்கும் வழியைக் கொண்டுள்ளது. மின்னகராதிகளும் இலக்கியத் தரவகங்களும் அவ்வகைப்பாட்டைத் தேடல் அமைப்பாக ஏற்குமாயின், தொடையகராதி பாவலர்க்கு ஆற்ற முனைந்த பணி மூலபாட ஆய்வாளர்க்கும் கிட்டும்.