தடியும் சங்கிலியும் தராத பழக்கம்

உடுவில் ஒழுங்கைகளில் மாலை நேர வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் பிள்ளைகள், சில படலைகளைக் கடக்கும்போது கால்களை உயரத் தூக்கிக்கொள்கின்றனர். நாய் பாயும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். வீட்டுக்காரர் தடியுடன் ஓடிவந்து நாயை அடித்துச் சங்கிலியில் கட்டுகிறார். மறுநாளும் நாய் பாய்கிறது. அடியினால் அது எதனையும் கற்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தவறு நடந்து சற்று நேரம் கழித்து விழும் அடிக்குரிய காரணத்தை நாயால் உணர முடியாது. வீதியில் போகும் பிள்ளையையும் தனக்கு நேர்ந்த வலியையுமே அது தொடர்புபடுத்திக்கொள்கிறது. அச்சம் பகையாக மாறுகிறது. எந்நேரமும் கட்டிக்கிடக்கும் நாயின் சீற்றம் மேலும் வளர்கிறது.

இதற்கு மாற்றுவழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் தம்பதியினர், 1940களில் விலங்குகளைப் பழக்குவதற்குச் சிறியதோர் ஒலிக்கருவியைப் பயன்படுத்தினர். பின்னர் டொல்பின்களைப் பழக்கிய கரன் பிறையர் இம்முறையை நாய் வளர்ப்போரிடையே பரப்பினார். அழுத்தினால் 'கிளிக்' என ஒலிப்பதால் அக்கருவிக்குக் கிளிக்கர் என்று பெயர். அது கிடைக்காதவர்கள் அழுத்தித் திறக்கும் குமிழ்முனைப் பேனையைக்கொண்டும் பழக்கலாம்.

முறை எளியது. முதலில் ஒலி எழுப்பி, உடனே நெத்தலிக் கருவாட்டுத் துண்டொன்றைக் கொடுக்கவேண்டும். பத்துப் பதினைந்து தடவை இவ்வாறு செய்தால் ஒலிக்குப் பின் உணவு வரும் என்பதை நாய் அறிந்துகொள்ளும். அதன் பின்னர், நாய் தானாக அமரும் அக்கணத்திலேயே ஒலி எழுப்பி உணவு கொடுக்கவேண்டும். எச்செயலுக்குப் பரிசு கிடைத்தது என்பதை ஒலி துல்லியமாக உணர்த்திவிடும். செயல் பழகிய பின் 'இரு' என்ற சொல்லைச் சேர்க்கலாம். வீட்டார் அனைவரும் அதே சொல்லையே வழங்கவேண்டும். ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் போதுமானது. பழக்கம் உறுதிப்பட்டதும் ஒலியையும் உணவையும் படிப்படியாகக் குறைக்கலாம். எனினும், ஏற்கெனவே கடித்துப் பழகிய நாயைப் பொறுத்தவரை கால்நடை வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

இது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று எவரும் ஒதுக்கவேண்டியதில்லை. எமது வடபுலத்தில் மிதிவெடி அகற்றும் பணியிலும் மோப்ப நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணத்தை உணர்ந்ததும் அசையாமல் அமர்ந்து காட்டுவதற்கு இத்தகைய நாய்கள் பரிசு கொடுத்தே பழக்கப்படுகின்றன. அடிக்கு அஞ்சி அமரும் நாயை நம்பி எவர்தான் அந்நிலத்தில் கால்வைப்பார்?

அயலவர் உரிமையும் இதில் அடங்கியுள்ளது. வியாபார நிமித்தம் எமது ஒழுங்கைக்கு வரும் முஸ்லிம் சகோதரர் மீது நாயின் எச்சில் பட்டால், தூய்மை செய்துகொண்ட பின்னரே அவர் தொழுகைக்குச் செல்ல இயலும். பழக்கிய வேட்டை நாய் பிடித்துவருவதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதித்திருப்பதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரைப் பற்றிய நபிமொழியையும் அவர் நன்கறிவார். நாயை வெறுப்பது அவரது நோக்கமன்று. தம்மீது அது பாயாதிருக்கவேண்டும் என்பதே அவரது எதிர்பார்ப்பு. அது நியாயமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக உயிர் சம்பந்தப்பட்டுள்ளது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தோர் மிக அரிது. மனிதருக்கு ஏற்படும் இந்நோயில் 99 வீதம் வரை நாய்களாலேயே தொற்றுகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரச வைத்தியசாலையை நாடவேண்டும். வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவது உரிமையாளரின் கடமை. பழக்கம் தடுப்பூசிக்கு ஈடாகாது. தடுப்பூசி பழக்கத்துக்கும் ஈடாகாது.

நாயை வளர்ப்பது எமது விருப்பம். வீதியால் செல்லும் பிள்ளை அச்சமின்றிச் செல்வது அதன் உரிமை. நாளாந்தம் ஐந்து நிமிடமும் ஒரு துண்டு கருவாடும் செலவிடத் தயங்குவோர், தடியை எடுக்குமுன் தவறு எவருடையது என்பதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.