வறுமை யார் வீட்டில் தங்கிவிடுகிறது?



வறுமை எந்த வீட்டுக்கும் ஒரு நாள் வந்து போகக்கூடியதுதான். மழை பொய்த்தால் காலபோகம் அழியும். வெங்காயம் விலைப்படாவிட்டால் கடன் ஏறும். ஆனால் சில வீடுகளுக்கு வந்த வறுமை திரும்பிப் போவதில்லை. தகப்பனோடு இருந்தது மகனோடும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ விடாது தொடரும் இந்நிலையை ஆய்வாளர் நீடித்த வறுமை என்பர்.

இது எப்படி நேர்கிறது? ஒரே குளத்து நீரில் விதைக்கும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரு போகம் பொய்க்கிறது. முதற் குடும்பம் நகையை அடகு வைத்து விதைநெல் வாங்குகிறது. அடுத்த அறுவடையின் பின் நகையை மீட்கிறது. மற்றக் குடும்பத்திடம் அடகு வைக்க ஏதுமில்லை. பசுவை விற்கிறது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூலிக்கு அனுப்புகிறது. மறு ஆண்டு நல்ல மழை. ஆனால் பசுவும் இல்லை, படிப்பும் இல்லை. இரு குடும்பமும் ஒரேயளவு உழைத்தவைதான். வித்தியாசம் கையிருப்பில் இருந்தது.

இடம்பெயர்வு பறிப்பது இந்தக் கையிருப்பைத்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் சிலர் 25 ஆண்டுகளுக்கு மேலாக நலன்புரி நிலையங்களிலேயே வாழ்ந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடியோர் உழவு இயந்திரம், மாடு, விதைநெல், காணிப் பத்திரம் என ஒவ்வொன்றாக இழந்தனர். போர் முடிந்து பத்தாண்டுகளின் பின், 2019இல் எடுக்கப்பட்ட அரச புள்ளிவிபரத்தின்படி நாடு முழுவதிலும் 100 பேருக்கு 14 பேர் வறியவர். கொழும்பு மாவட்டத்தில் 2 பேர். முல்லைத்தீவில் 44 பேர்.

முல்லைத்தீவிலும் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. வறுமை நீண்டகாலம் தங்குவது பெரும்பாலும் இவர்களிடத்தில்:

கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடியோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள்.

அவயவம் இழந்தோர், ஆதரவற்ற முதியோர்.

1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காணி உரிமையின்றிப் பிறர் வயலில் கூலி செய்வோரும் அவர்கள் பிள்ளைகளும்.

பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடனும் வீட்டுத்திட்டமும் கிடைப்பது அரிது. எனவே நுண்கடனை நாடுகின்றனர். அறுவடை வருவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை. தவணை கேட்டு ஆள் வருவது வாரந்தோறும். அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன். ஏணி என்று நம்பிப் பிடித்தது பலருக்குச் சுருக்குக் கயிறாயிற்று.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, கிராம அபிவிருத்திச் சங்கம் கூடும்போது, யார் வரவில்லை என்று கேளுங்கள். மிக வறியவர் அன்றாடக் கூலியை விட்டுக் கூட்டத்துக்கு வருவதில்லை; அதனால் அவர் பெயர் பட்டியலிலும் வருவதில்லை. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. விடுபட்டோர் செய்ய வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள்.

இரண்டாவது, தொலைந்த காணிப் பத்திரத்தைப் பற்றிக் கிராம அலுவலரிடம் இன்றே பேசுங்கள். எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சாட்சியத்தை எழுதி வையுங்கள். பெண்ணின் பெயரும் பத்திரத்தில் வரட்டும்.

மூன்றாவது, விதைநெல்லுக்கு ஒரு பொதுக் களஞ்சியம் வையுங்கள். ஒரு போகம் பொய்த்தவர் பசுவை விற்காமல் அடுத்த போகம் விதைக்க அதுவே போதும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறிக்குமுன் அயலவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அயலவரும் கேட்கும்வரை காத்திராமல் போய் விசாரியுங்கள். மெலிந்த மாட்டைத் தேற்றலாம். விற்ற மாட்டை மீட்பது கடினம்.