பார்வையற்றோரும் இணைய நூல்களும்

அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே திருமறையின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ' அருளப்பெற்றது. குறைஷித் தலைவர்களோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரையாடிய வேளை அது. எனினும், கற்க விழைந்து வந்தவரின் உரிமையே முந்தியது என இறைவன் உணர்த்தினான். பின்னாளில் அத்தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பேறு பெற்றார்.

இவ்வுணர்வு நம் அறிவுலகில் நிலைத்தது. ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதீ (மறைவு 1363) பார்வையற்ற சான்றோரின் வரலாறுகளைத் தனி நூலாகவே தொகுத்தார். பக்தாதின் ஸைனுத்தீன் அல்ஆமிதீ, காகிதத்தை எழுத்து வடிவில் முறுக்கி நூல்களில் ஒட்டி, அவற்றின் விலையை விரலால் தடவி அறிந்தார் என்னும் செய்தி அதில் உண்டு. லூயி பிரெயில் (1809–1852) பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி இது!

இன்று விரலின் இடத்தில் செவி நிற்கிறது. கணினித் திரையிலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் எனும் மென்பொருள் குரலாக மாற்றுகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது.

ஆயின், அது வாசிப்பது எழுத்தை மட்டுமே. நூலின் பக்கங்களை ஒளிவருடி இணையத்தில் ஏற்றும்போது நமக்குத் தெரிவது எழுத்து. கணினிக்கோ அது வெறும் படம். திரைவாசிப்பான் அங்கே மௌனமாகிவிடும். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவையும் பயன்படா. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களில் அமர்ந்திருப்பதால், பொருளற்ற ஒலிகளே செவியில் விழும். ஒருங்குறியில் அமைந்த எழுத்தே சரியாக ஒலிக்கும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதிருக்க, 2013இல் மராகேஷ் உடன்படிக்கை உருவாயிற்று. 2014இல் அதனை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே.

எனவே, நம் முன்னோரின் நூல்களை இணையத்தில் ஏற்றுவோர் இன்னும் ஓரடி முன்செல்ல வேண்டும். படத்தை ஒருங்குறி எழுத்தாக மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். குறிப்பாக அரபுச் சொற்களில் ஓரெழுத்துப் பிழையும் பொருளைக் கெடுத்துவிடும். தலைப்புகளைத் தலைப்பென்றே குறித்தால் கேட்பவர் வேண்டிய இயலுக்கு நேரே செல்வார். படங்களுக்கு ஓரிரு வரி விளக்கமும் தேவை.

திருமறை முழுவதையும் நெஞ்சில் சுமக்கும் பார்வையற்ற ஹாஃபிழ்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு அதன் விரிவுரை நூலொன்று ஊமைப் படமாகவே நிற்குமாயின், அறிவு தேடி வந்தவரை வாயிலில் நிறுத்தியவர்களாவோம் நாம். 'அபஸ' அத்தியாயத்தை ஓதும்தோறும் இது நம் நினைவுக்கு வரவேண்டாமா?